மதகடித் தூண்டிலில் மாட்டும் கெளுத்தி: எது குழம்புக்கு, எது குழிக்கு?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறைந்து, சம்பா அறுவடையும் ஓய்ந்த பிறகு, ஏரிக்கரை ஊர்களில் சாயங்கால வேலை ஒன்று தொடங்கிவிடும். மாட்டைக் கட்டிவிட்டு வந்த பெரியவர், பள்ளிக்கூடம் விட்டு வந்த பையன், வேலையில்லாத நாளில் கொத்தனார் என்று நாலைந்து பேர் மதகுக் கல்லிலோ படித்துறையிலோ தூண்டிலோடு உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் மீன் வியாபாரிகள் இல்லை. வீட்டில் ஒரு வேளைக் குழம்புக்குக் கெளுத்தி கிடைத்தால் போதும்.

அந்தத் தூண்டிலில் சில ஆண்டுகளாக வேறொரு மீனும் மாட்டுகிறது. கறுத்த உடம்பு, பெரிய மீசை, கைக்கு அடங்காத கனம். நாட்டுக் கெளுத்தியைத் தேடி உட்கார்ந்தவருக்கு மூன்று கிலோ, நான்கு கிலோ மீன் கிடைத்தால் மகிழ்ச்சியாகத்தான் இருக்கும். அதுவே சிறியதாக மாட்டினால், 'பாவம், குஞ்சு' என்று திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுகிறார்கள். சிலர் வாளியில் போட்டுக் கொண்டுபோய் வீட்டுக் கிணற்றிலோ பண்ணைக்குட்டையிலோ விடுகிறார்கள். ஏரியைக் கெடுப்பது இந்த இரண்டு காரியங்கள்தான். பிடித்த மீனை அடையாளம் தெரிந்து பிரிக்கத் தெரியாவிட்டால், குழம்புக்குப் பிடிக்கப் போனவரே ஏரிக்குப் பகையாகிவிடுவார்.

கெளுத்தி ஏன் மதகைத் தேடி வருகிறது?

கெளுத்தி இனங்களுக்குக் கண்ணைவிட மீசைதான் முக்கியம். வாயைச் சுற்றியுள்ள மீசைகளிலும் உடம்புத் தோலிலும் ருசி அறியும் மொட்டுகள் உண்டு. கலங்கல் தண்ணீரிலும் இருட்டிலும் அடிமண்ணைத் தடவிக்கொண்டே இரை தேடும். பகலில் கல் இடுக்கு, மர வேர், மதகுச் சுவரின் நிழல் என்று பதுங்கியிருக்கும். பொழுது சாய்ந்ததும் வெளியே வரும்.

மதகடி அதற்கு ஏற்ற இடம். ஏரியின் மற்ற பகுதிகள் வற்றினாலும் மதகுக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் தண்ணீர் நிற்கும். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும்போது ஏரியில் மிதக்கும் புழு, பூச்சி, அழுகிய தழை எல்லாம் அந்தப் பக்கம் இழுத்து வரப்படும். படித்துறையிலும் இதே கதைதான். அரிசி களைந்த தண்ணீர், பாத்திரம் கழுவிய சோற்றுப் பருக்கை, மீன் அலசிய கழிவு எல்லாம் அங்கேதான் கலக்கின்றன. அமெரிக்காவில் ஏரிக்கரை வீடுகளுக்கு முன்னால் தண்ணீருக்குள் மரப்பலகைத் துறை நீட்டிக் கட்டியிருப்பார்கள். அங்கேயும் கெளுத்தி பிடிப்பவர்கள் அந்தப் பலகையின் நிழலைத்தான் தேடிப் போகிறார்கள். நாடு வேறானாலும் மீனின் புத்தி ஒன்றுதான்.

காவிரிப் பாசனத்தில் வீராணம் ஏரியை எடுத்துக்கொள்ளலாம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்ட இந்த ஏரிக்குக் கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. இப்படி ஆற்றோடு தொடர்புள்ள ஏரிகளுக்குப் புதுத் தண்ணீரோடு ஆற்று மீன்களும் வரும். வானம் பார்த்த ஏரிகளுக்கு வரத்து வாய்க்காலும் மேலே உள்ள ஏரியின் உபரி நீரும்தான் வழி. தமிழ்நாட்டில் 39 ஆயிரத்துக்கும் அதிகமான ஏரி, கண்மாய்கள் உள்ளன. அவற்றில் பல சங்கிலித் தொடராக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து ஓடுபவை. மேலூர் ஏரியில் விட்ட மீன் ஒரு பெருமழையில் கீழூர் ஏரிக்கு வந்துவிடும் என்பதை இங்கே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தூண்டில் போடும் விதம்

கெளுத்திக்கு விலை உயர்ந்த தூண்டில் தேவையே இல்லை. மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, சின்ன ஈயக் குண்டு, தக்கை, நடுத்தர முள் இவ்வளவு போதும். இரை அடிமண்ணில் படிந்து கிடக்க வேண்டும். நடுத்தண்ணீரில் தொங்கினால் ஜிலேபிக் குஞ்சுகள் கொத்திக் காலி செய்துவிடும். எனவே முதலில் ஆழம் பார்த்து, ஈயம் தரையைத் தொடும் அளவுக்குத் தக்கையை ஏற்றியோ இறக்கியோ வைக்க வேண்டும்.

இரைகளில் மண்புழுவுக்கு ஈடு கிடையாது. உரக்குழி ஓரத்தில் தோண்டினால் ஒரு சிரட்டை நிறையக் கிடைக்கும். கோழிக் குடல், ஈரல் துண்டு, கருவாட்டுத் துண்டு போன்ற வாடை உள்ளவையும் நன்றாக வேலை செய்யும். தவளையை முள்ளில் குத்தும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அது வேண்டாம். நெல் வயலில் பூச்சிகளைத் தின்று தீர்க்கும் வேலையாளைத் தூண்டிலில் கோத்துவிட்டு, பிறகு பூச்சிமருந்துக் கடையில் போய் நிற்பதில் என்ன லாபம்?

கெளுத்தி கடித்தால் தக்கை முதலில் லேசாக ஆடும். மீசையால் தடவிப் பார்க்கிறது என்று பொருள். அப்போது சுண்டி இழுத்தால் வெறும் முள்தான் வரும். தக்கை சாய்ந்து, ஒரே சீராக இழுபட்டு அமிழும்போது இழுக்க வேண்டும். கெளுத்தி இரையை ஆழமாக விழுங்கும் பழக்கம் உள்ளது. தொண்டைக்குள் போன முள்ளைப் பிய்த்து எடுக்க முயல்வதைவிட நரம்பை அறுத்துவிட்டு, மீனை நறுக்கும்போது முள்ளை எடுப்பது நல்லது. அறுத்த நரம்பைப் படித்துறையில் போட்டுவிட்டு வரக்கூடாது. குளிக்க வருபவர் காலிலும் நீர்ப்பறவைகளின் காலிலும் அது சுற்றிக்கொள்ளும்.

பொழுது சாயும் நேரத்திலிருந்து இரவு எட்டு, ஒன்பது மணி வரை நல்ல நேரம். மழை பெய்து புதுத் தண்ணீர் கலங்கி வரும் நாளில் பகலிலும் கடிக்கும். ஆனால் அந்த நாட்களில் வரத்து வாய்க்காலில் எதிர்த்து ஏறும் மீன்கள் பெரும்பாலும் சினை மீன்கள். நாட்டுக் கெளுத்திகள் மழைக்காலத்தில்தான் முட்டையிடுகின்றன. வயிறு பருத்த நாட்டு மீனை அந்தப் பருவத்தில் விட்டுவிடுவது அடுத்த தை மாதத்துக்கான முதலீடு.

யாருடைய ஏரி என்று கேட்டுக்கொண்டு உட்காருவதும் அவசியம். பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன் பாசி குத்தகைக்கு விடப்பட்ட ஏரியாக இருந்தால் குத்தகைதாரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தூண்டில் போட்டால் சண்டை வராது. வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது 1897ஆம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டத்திலிருந்தே குற்றம். மின்சாரக் கம்பியைத் தண்ணீரில் விட்டுப் பிடிப்பது குற்றம் என்பதோடு தற்கொலைக்கும் சமம்.

தண்ணீரின் ஆபத்தையும் சொல்லாமல் விட முடியாது. வண்டல் மண் எடுத்த குழிகள் ஏரிக்குள் எங்கே இருக்கின்றன என்பது நிறைந்த தண்ணீரில் தெரியாது. முழங்கால் ஆழம் என்று நினைத்து இறங்கும் பிள்ளை அடுத்த அடியில் இரண்டு ஆள் ஆழத்துக்குப் போய்விடலாம். முள் எங்காவது சிக்கிக்கொண்டால் நரம்பை அறுத்துவிட வேண்டும். அதை எடுக்கத் தண்ணீரில் இறங்கக் கூடாது. மதகு திறந்திருக்கும்போது அதன் வாய்ப்பக்கம் இறங்குவது எந்த நீச்சல்காரருக்கும் ஆகாது. பாசி படிந்த கல்லில் செருப்போடு நிற்பதும், டார்ச் இல்லாமல் கரையில் நடப்பதும் தவிர்க்க வேண்டியவை.

மாட்டியது எது?

மீசை உள்ளதெல்லாம் கெளுத்தி என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். ஊருக்கு ஊர் பெயரும் மாறும். ஆகையால் பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பார்த்து அடையாளம் காண்பதே சரி.

குழம்புக்குப் பெயர்போன நாட்டுக் கெளுத்தி சிறிய மீன். பெரும்பாலும் ஒரு சாணுக்குள் அடங்கிவிடும். வெள்ளி மினுப்பு இருக்கும். சிலவற்றில் உடம்பு நெடுகக் கோடுகள் ஓடும். முதுகில் முள்ளோடு கூடிய சின்னத் துடுப்பு, அதற்குப் பின்னால் முள் இல்லாத சதைத் துடுப்பு ஒன்று, வால் இரண்டாகப் பிளந்திருக்கும். பிளந்த வாலும் சதைத் துடுப்பும் இருந்தால் ஆப்பிரிக்கக் கெளுத்தியோ என்று பயப்படவே வேண்டாம்.

தேளி மீன் பழுப்பு அல்லது கறுப்பு நிறத்தில் ஒல்லியாக நீண்டிருக்கும். முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. வயிற்றுக்குக் கீழே உள்ள துடுப்போ வால் வரை நீளும். கன்னத்து ஓரமாக இரண்டு பக்கமும் விஷ முள் உண்டு. பெயருக்கேற்பத் தேள் கொட்டியதுபோல் வலிக்கும். நோயாளிகளுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் இதைச் சமைத்துக் கொடுக்கும் வழக்கம் பல பகுதிகளில் உண்டு.

வாளை மீனுக்கு வாய்தான் அடையாளம். கண்ணைத் தாண்டிக் கிழிந்ததுபோல் அகன்ற வாய், வரிசையாகப் பற்கள், மீசை நான்கே நான்கு. ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். இது நம் நாட்டு மீன்தான். ஆனால் எண்ணிக்கை குறைந்து வருகிறது.

கடைசியாக மசரை. இதைத்தான் ஆப்பிரிக்கக் கெளுத்தியோடு குழப்பிக்கொள்கிறார்கள். தட்டையான தலை, எட்டு மீசை, தலைக்குப் பின்னாலிருந்து வால் அருகே வரை ஒரே நீளமாக ஓடும் முதுகுத் துடுப்பு, உருண்டையான வால் என்று இரண்டும் அண்ணன் தம்பிபோல இருக்கும். தண்ணீர் வற்றினாலும் காற்றைக் குடித்துப் பிழைக்கும் உறுப்பு இரண்டுக்குமே உண்டு. மழை ஈரத்தில் தரையில் நெளிந்து அடுத்த குட்டைக்குப் போகவும் இரண்டாலும் முடியும்.

பிரித்தறிய எளிய வழி எடைதான். நாட்டு மசரை ஒரு முழ நீளத்தைத் தாண்டுவது அரிது. கிடைப்பது பெரும்பாலும் கால் கிலோ, மிஞ்சினால் அரைக் கிலோ. நீண்ட முதுகுத் துடுப்பும் உருண்டை வாலும் உள்ள மீன் ஒரு கிலோவைத் தாண்டியிருந்தால் அது ஆப்பிரிக்கக் கெளுத்தி என்றே கொள்ளலாம். அது ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து பத்து கிலோவையும் கடக்கும். நிறத்திலும் வேறுபாடு உண்டு. ஆப்பிரிக்கக் கெளுத்தியின் வயிறு வெளுத்திருக்கும். முதுகும் பக்கங்களும் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாகப் பளிங்குக் கல் போலத் தெரியும். சிறிய மீனில் மட்டும்தான் சந்தேகம் வரும். அப்படிச் சந்தேகம் வந்தால் தண்ணீரில் விடாமல், மீனைத் தெளிவாகப் படம் பிடித்து மீன்வளத் துறை அலுவலகத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டிக் கேட்கலாம்.

ஆப்பிரிக்கக் கெளுத்தியின் கதை

இந்த மீன் 1990களில் வங்கதேசம் வழியாக அனுமதி இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தது. வட மாநிலங்களில் இதைத் 'தாய் மாங்கூர்' என்று சொல்லி விற்றார்கள். தாய்லாந்துக்கும் இதற்கும் பிறப்புத் தொடர்பு கிடையாது. வளர்ப்பவருக்கு இதில் ஆசை வர ஒரே காரணம் வேகம். நாட்டு மசரையை ஒரு பருவம் முழுக்க வளர்த்தாலும் 100 முதல் 150 கிராம்தான் தேறும். ஆப்பிரிக்கக் கெளுத்தி அதே காலத்தில் ஒரு கிலோவைத் தொட்டுவிடும். கோழிக் கழிவு, மாட்டிறைச்சிக் கழிவு, அழுகியது, புழுத்தது எதைப் போட்டாலும் தின்னும். அந்தக் குட்டைகளின் நாற்றமும் தண்ணீர்க் கேடும் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

ஏரிக்குள் புகுந்தால் சின்ன மீன், மீன் முட்டை, தவளை, இறால், நத்தை என்று அகப்பட்டதையெல்லாம் தின்கிறது. பஞ்சாயத்து ஏலத்தில் பணம் கட்டி, கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை வாங்கி விட்ட குத்தகைதாரருக்கு, கோடையில் வலை இழுக்கும்போதுதான் உண்மை தெரியும். விட்ட குஞ்சு இருக்காது. மீசை வைத்த மீன்தான் இருக்கும். கெளுத்தி, குறவை, அயிரை போன்ற, யாரும் விடாமல் தானாகவே ஏரியில் வளர்ந்து ஏழை வீட்டுச் சட்டிக்கு வந்துகொண்டிருந்த மீன்களின் குஞ்சுகளும் அதன் வாயிலிருந்து தப்புவதில்லை. இழப்பு யாருக்கு என்று பார்த்தால், காசு கொடுத்து மீன் வாங்க முடியாத குடும்பங்களுக்குத்தான் முதல் அடி.

இதனால்தான் மத்திய அரசு 2000ஆம் ஆண்டு இதை வளர்க்கத் தடை விதித்தது. 2019இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயமும் குட்டைகளில் உள்ளவற்றை அழிக்கச் சொன்னது. தடை இருந்தும் திருட்டுத்தனமாக வளர்ப்பது நிற்கவில்லை. அதிகாரிகள் குட்டையை உடைத்து மீனைப் புதைத்துவிட்டுப் போன அடுத்த பருவத்திலேயே வேறு ஊரில் குட்டை முளைக்கிறது. சந்தையில் வாங்க ஆள் இருக்கும்வரை இது ஓயாது.

நாட்டு மசரையின் நிலைமை வேறு. உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதை அழியும் ஆபத்தில் உள்ள இனமாகப் பட்டியலிட்டிருக்கிறது. பீகார் மாநிலம் இதைத் தன் மாநில மீனாக வைத்திருக்கிறது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம் இதற்குக் குஞ்சு உற்பத்தி முறையை உருவாக்கியுள்ளது. ஆனால் பெண் மீனைப் போல ஆண் மீனின் வயிற்றை அழுத்தி விந்து எடுக்க முடியாது. ஆண் மீனைக் கொன்று விந்துப்பையை எடுத்துத்தான் முட்டையோடு சேர்க்க வேண்டும். அதனால் குஞ்சு விலையும் அதிகம், கிடைப்பதும் அரிது. மலிவு விலையில் மூட்டை மூட்டையாக 'நாட்டுக் கெளுத்திக் குஞ்சு' என்று ஒருவர் வீடு தேடி வந்து விற்றால், அது என்னவாக இருக்கும் என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இன்னொரு மீனையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணாடித் தொட்டியில் அழகுக்கு வளர்க்கும் 'டேங்க் கிளீனர்' மீனும் கெளுத்தி வகையைச் சேர்ந்ததுதான். தொட்டிக்கு மேல் வளர்ந்துவிட்டது என்று ஏரியில் விட்டவர்களின் கைங்கரியத்தால் இப்போது பல ஏரிகளில் பெருகிக் கிடக்கிறது. தூண்டிலில் அதிகம் மாட்டாது, வலையில்தான் வரும். உடம்பு முழுக்க எலும்புத் தகடு. வலையைக் கிழித்துவிடும். இனப்பெருக்கத்துக்காகக் கரையில் துளை போட்டு அதற்குள் முட்டையிடும். மண் கரை உள்ள நம் ஏரிகளுக்கு அந்தத் துளைகள் நல்லதல்ல. நண்டு வளை, எலி வளையைக் கவனிப்பதுபோல இதையும் பாசன சபைக்காரர்கள் தண்ணீர் வற்றிய காலத்தில் கரையோரமாக நடந்து பார்க்க வேண்டும்.

முள் குத்தினால்

கெளுத்தி இனங்களுக்குக் கன்னத்துப் பக்கத் துடுப்பில் முள் உண்டு. நாட்டுக் கெளுத்திக்கு முதுகிலும் உண்டு. மீன் மிரண்டால் முள்ளை விரித்துப் பூட்டுப் போட்டதுபோல் நிறுத்திவிடும். அப்போது கையால் மடக்க முடியாது. "தாத்தா, மீன் மாட்டிருச்சு" என்று பேரன் ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் "டேய், கைய வைக்காதடா, முள்ளுடா" என்று பெரியவர் கத்துவது எல்லா மதகடியிலும் கேட்கும் சத்தம். ஈரத் துண்டைப் போட்டு மூடி, தலைக்குப் பின்னால் இரண்டு முள்ளுக்கும் பின்புறமாக விரல்களைக் கொடுத்துப் பிடிக்க வேண்டும். அல்லது குறடால் முள்ளை உடைத்துவிட வேண்டும்.

குத்திவிட்டால் சுண்ணாம்பு, புகையிலை, சாணம் எதையும் வைக்கக் கூடாது. காயத்தை நல்ல தண்ணீரில் கழுவி, தாங்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் குத்திய இடத்தை அமிழ்த்தி வைக்க வேண்டும். அரைமணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை வைக்கலாம். விஷம் சூட்டில் வலுவிழந்து வலி குறையும். வலி எடுத்த கைக்குச் சூடு தெரியாமல் வெந்துபோக வாய்ப்புள்ளதால், நல்ல கையை விட்டுச் சூடு பார்த்துக்கொள்ள வேண்டும். முள் துண்டு உள்ளேயே ஒடிந்திருந்தால், வீக்கம் ஏறினால், குத்துப்பட்டவர் சர்க்கரை நோயாளியாக இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தொற்றுநோய் ஊசியைப் பற்றி டாக்டரிடம் கேட்பது எல்லோருக்கும் பொருந்தும்.

பிடித்த பிறகு

நாட்டுக் கெளுத்தியும் தேளியும் செதில் இல்லாத மீன்கள். வழவழப்பு போகச் சாம்பலும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். உயிரோடு சாம்பலில் போட்டுத் தேய்ப்பதைவிட, முதலில் தலையில் ஓங்கித் தட்டிவிட்டால் மீனுக்கும் வதை இல்லை, தேய்ப்பவர் கையிலும் முள் ஏறாது. புளிக் குழம்பில் மாங்காய்த் துண்டு சேர்ந்தால் கெளுத்தியின் ருசியே தனி.

ஆப்பிரிக்கக் கெளுத்தி மாட்டினால், சிறியதோ பெரியதோ, திரும்ப எந்தத் தண்ணீரிலும் விடக் கூடாது. உயிரோடு எங்கும் எடுத்துப் போகவும் கூடாது. கரையில் எறிந்துவிட்டு வந்தால் போதும் என்று நினைப்பது தவறு. காற்றைக் குடித்துக்கொண்டே மணிக்கணக்கில் உயிரோடு கிடந்து, இரவு ஈரத்தில் மறுபடி தண்ணீருக்குள் போய்விடும். தலையில் தட்டிக் கொன்றுவிட வேண்டும். கழிவுக் குட்டையிலிருந்து தப்பி வந்ததா, எதைத் தின்று வளர்ந்தது என்பது பிடிப்பவருக்குத் தெரியாது. ஆகையால் சட்டியில் போடுவதைவிட நிலத்தில் போடுவது நல்லது.

தென்னை மரத்துக்கு அடியில் ஒரு முழ ஆழத்தில் நாய் தோண்டாதபடி புதைக்கலாம். அதைவிட மேலானது மீன் அமிலம். மீனைத் துண்டு துண்டாக நறுக்கி, அதன் எடைக்குச் சம அளவு வெல்லத்தையோ நாட்டுச் சர்க்கரையையோ பொடித்துக் கலந்து, மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் முக்கால் பங்கு நிரப்பி நிழலில் வைக்க வேண்டும். 21 நாட்களில் தேன் பதத்தில் திரவம் பிரிந்து வரும். பழ வாடை வந்தால் சரியாக ஆகியிருக்கிறது. அழுகல் நாற்றம் அடித்தால் வெல்லம் போதவில்லை என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் வெல்லம் சேர்த்து ஒரு வாரம் விட வேண்டும். வடிகட்டி, பத்து லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 100 மில்லி கலந்து காலையிலோ மாலையிலோ காய்கறி, நெல் பயிர்களில் தெளிக்கலாம். இளம் பயிருக்குக் குறைந்த அளவே போதும்.

பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கு

ஏரிக்குள் இந்த மீன் வருவதற்குப் பெரிய வாசல் தனியார் குட்டைகள்தான். சிலர் தெரிந்தே வளர்க்கிறார்கள். பலர் குஞ்சு வியாபாரி சொன்னதை நம்பி ஏமாந்து வளர்க்கிறார்கள். விரல் அளவுக் குஞ்சில் நாட்டு மசரையையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் விவசாயி பிரித்துப் பார்க்க முடியாது. ஆகவே அரசு மீன் விதைப் பண்ணையிலோ பதிவு பெற்ற குஞ்சு பொரிப்பகத்திலோ மட்டுமே, இனத்தின் பெயர் எழுதிய ரசீதோடு வாங்க வேண்டும். ரசீது தர மறுப்பவரிடம் கெண்டைக் குஞ்சுகூட வாங்க வேண்டாம்.

ஏற்கெனவே குட்டையில் இருப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தி என்று சந்தேகம் இருந்தால், தூண்டிலைப் போட்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். வலையால் மட்டும் இதை ஒழிக்க முடியாது. சேற்றுக்குள் புகுந்துகொள்ளும். கோடையில் குட்டையை முழுதாக வற்றவைத்து, சேறு வெடிக்கும்வரை காயப்போட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க வேண்டும். தண்ணீரை இறைக்கும்போது வாய்க்காலில் விடாமல் சொந்த வயலுக்கே பாய்ச்சி, குழாய் வாயில் வலை கட்ட வேண்டும். இந்த வேலையை ஐப்பசி மழைக்கு முன்னால் முடித்துவிட வேண்டும். ஒரு பெருமழையில் குட்டை வழிந்தால் மீன் வாய்க்காலுக்கும், அங்கிருந்து ஏரிக்கும் போய்விடும். பிறகு யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது. கரையைச் சுற்றுமட்டத்தைவிட இரண்டு அடியாவது உயர்த்தி, வழிந்தோடும் இடத்தில் நெருக்கமான கம்பி வலை வைப்பது எந்த மீன் வளர்ப்பவருக்கும் பொருந்தும்.

குட்டையை அழிப்பதற்கு முன் மாவட்ட மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டால், ஏமாந்து வாங்கியவர் என்பதற்கு அதுவே சாட்சியாக இருக்கும். குஞ்சு விற்றவரின் ரசீது, கைப்பேசி எண் ஏதாவது இருந்தால் மனுவோடு சேர்த்துக் கொடுக்கலாம்.